பதினெட்டு முடிந்த பிள்ளைக்கு முதல் கிரெடிட் கார்டு: ஆட்-ஆனா, எஃப்.டி. கார்டா, காத்திருப்பதா?

"பையனுக்குப் பதினெட்டு முடிஞ்சாச்சு. என் கார்டுலயே ஒரு ஆட்-ஆன் எடுத்துக் கொடுத்துட்டா அவனோட சிபிலும் ஏறிடும்தானே?" பிள்ளையைக் கல்லூரியில் சேர்த்த பெற்றோர் பலர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ஆட்-ஆன் என்பது பெற்றோரின் கார்டுக் கணக்கிலேயே பிள்ளைக்குத் தரும் கூடுதல் கார்டு; சிபில் என்று சொல்வது ஒருவரின் கடன் வரலாற்றுக்குத் தரும் மதிப்பெண், அதாவது ஸ்கோர். ஆட்-ஆனால் அது பெரும்பாலும் ஏறாது. இந்த நம்பிக்கை அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து வந்தது. அங்கே பெற்றோரின் கார்டில் பிள்ளையைக் கூடுதல் பயனராகச் சேர்த்தால், அந்தக் கார்டின் வரலாறு பிள்ளையின் கடன் அறிக்கையிலும் பல நேரம் பதிவாகும். இந்தியாவில் ஆட்-ஆன் கார்டில் தேய்க்கும் ஒவ்வொரு ரூபாயும் முதன்மைக் கார்டுதாரரின் கணக்கு. வங்கிகள் அனுப்பும் தகவலும் பொதுவாக அவருடைய பான் எண்ணில்தான் போய் உட்கார்கிறது.

ஆகவே கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிள்ளை கையில் செலவுக்கு ஒரு கார்டு வேண்டுமா? பிள்ளை பெயரில் கடன் வரலாறு வேண்டுமா? இந்த இரண்டுக்கும் ஒரே விடை இருக்க வேண்டியதில்லை. குழப்பம் தொடங்குவதே இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், பதிவு. நாட்டில் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், எக்விஃபேக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹைமார்க். வங்கிகள் 2025 ஜனவரி முதல் பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது இவற்றுக்குத் தகவல் அனுப்பவேண்டும். ஸ்கோர் 300-இலிருந்து 900 வரை. கடனே வாங்காதவருக்கு ஸ்கோர் பூஜ்யம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, 'வரலாறு இல்லை' என்றுதான் வரும். முதல் கணக்கு திறந்து ஏறக்குறைய ஆறு மாதம் ஓடினால்தான் எண் என்று ஒன்று தெரியத் தொடங்கும். ஆக, எந்த வழியானாலும் முதலில் கேட்க வேண்டியது: இது பிள்ளையின் சொந்தப் பான் எண்ணில் பதிவாகுமா?

இரண்டாவது, தவறினால் யார் தலையில். பில் கட்டத் தவறினால் கெடுவது யார் ஸ்கோர், பணம் கேட்டு போன் வருவது யாருக்கு?

மூன்றாவது, முழுச் செலவு. ஆண்டுக் கட்டணத்தோடு இது முடிவதில்லை. அதன்மேல் 18% ஜி.எஸ்.டி., முடங்கும் பணம், தவறினால் வரும் வட்டி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும்.

நான்காவது, வெளியேறுவது எவ்வளவு எளிது. முதல் கார்டு கடைசிக் கார்டாக இருக்கப் போவதில்லை.

ஐந்தாவதாகப் பழக்கம் என்று ஒன்று உண்டு. தேதி பார்த்து முழு பில்லையும் கட்டும் பழக்கம் எந்த வழியில் படியும் என்பதே அது. எண்ணில் அடங்காது என்பதால் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | பிள்ளை பெயரில் பதிவாகுமா | தவறினால் | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| ப்ரீபெய்டு கார்டு, யு.பி.ஐ. சர்க்கிள் | ஆகாது | பெரிய இழப்பு இல்லை | சிறு கட்டணங்கள் |
| ஆட்-ஆன் கார்டு | பொதுவாக ஆகாது | பெற்றோரின் ஸ்கோர் கெடும் | பெற்றோரின் லிமிட் (கார்டின் செலவு வரம்பு) குறையும் |
| எஃப்.டி. கார்டு (வைப்புத்தொகையைப் பிணையாக வைத்து எடுப்பது) | ஆகும் | பிள்ளையின் ஸ்கோரும் எஃப்.டி.யும் போகும் | முடங்கும் பணம், சிறிய லிமிட் |
| கல்விக் கடன் | ஆகும் | பிள்ளை, பெற்றோர் இருவருக்கும் பாதிப்பு | படிக்கும் காலத்திலேயே சேரும் வட்டி |
| போன் இ.எம்.ஐ., பே லேட்டர் (இப்போது வாங்கிப் பிறகு கட்டுவது) | யார் பெயரில் எடுத்தாலோ அவருக்கு | எடுத்தவருக்கு | செயல்முறைக் கட்டணம், பவுன்ஸ் கட்டணம் |
| சம்பளம் வரை காத்திருப்பது | அதுவரை இல்லை | இல்லை | முதல் கடனில் இழுபறி |

## பதினெட்டுக்கு முன்: ப்ரீபெய்டு கார்டு, யு.பி.ஐ. சர்க்கிள்

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி பதினெட்டு நிறையாதவர் ஒப்பந்தம் செய்ய முடியாது, செய்தாலும் செல்லாது. கடன் என்பது ஒப்பந்தம். அதனால் பள்ளிப் பிள்ளைக்குச் சொந்தக் கிரெடிட் கார்டு தருவதாக யாராவது விளம்பரம் செய்தால் அது ப்ரீபெய்டு கார்டாகத்தான் இருக்கும். நாம் போட்ட பணத்தை நாமே எடுக்கிறோம். கடனும் இல்லை, பதிவும் இல்லை.

பழக்கம் என்ற அளவுகோலில் மட்டும் இந்த வழிக்கு நல்ல மதிப்பெண் தரலாம். 2024 ஆகஸ்டில் வந்த யு.பி.ஐ. சர்க்கிள் இதற்குத் தோதானது. அப்பாவோ அம்மாவோ தன் யு.பி.ஐ.யில் பிள்ளையை இரண்டாம் பயனராகச் சேர்க்கலாம். முழு அதிகாரம் கொடுத்தால் ஒரு பரிவர்த்தனைக்கு ரூ. 5,000, மாதத்துக்கு ரூ. 15,000 வரைதான் போகும். பகுதி அதிகாரம் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் பெற்றோரின் போனுக்கு ஒப்புதல் கேட்டு வரும். டீக்கடையில் பிள்ளை நின்றுகொண்டிருக்க நீங்கள் மீட்டிங்கில் இருந்தால் சங்கடம்தான்.

பத்து வயது நிறைந்தவர் சொந்தமாகச் சேமிப்புக் கணக்கு நடத்த ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. பதினைந்து, பதினாறு வயதில் அப்படி ஒரு கணக்கைத் திறந்து வைப்பது, பிற்பாடு எஃப்.டி. கார்டு எடுக்கையில் உதவும்.

## ஆட்-ஆன் கார்டு

கிடைப்பது எளிது. பெற்றோரிடம் ஏற்கெனவே கார்டு இருந்தால் வங்கிச் செயலியிலேயே விண்ணப்பிக்கலாம். பல வங்கிகள் கட்டணமும் வாங்குவதில்லை. குறைந்தபட்ச வயது வங்கிக்கு வங்கி மாறும்: சில இடங்களில் 15, சில இடங்களில் 18. முதன்மைக் கார்டுதாரரே முழுப் பொறுப்பு என்பதை ரிசர்வ் வங்கியின் கார்டு விதிகளும் தெளிவாகச் சொல்கின்றன.

இங்கே மறைந்திருக்கும் செலவு லிமிட். உங்கள் லிமிட் ஒரு லட்சம் என்றால் ஆட்-ஆனுக்குத் தனி லட்சம் கிடையாது. அதே லட்சத்தைப் பங்கு போட்டுக்கொள்கிறீர்கள். பிள்ளை விடுதிக் கட்டணம் 45,000-ஐ அதில் கட்டினால் அந்த மாதம் உங்கள் அறிக்கையில் லிமிட்டில் ஏறக்குறைய பாதி தீர்ந்ததாகத் தெரியும். அந்தச் சமயம் பார்த்து நீங்கள் வீட்டுக் கடனுக்குப் போயிருந்தால் அது உறுத்தும். ஆட்-ஆனுக்குத் தனி வரம்பு வைக்கும் வசதி பல வங்கிகளில் உண்டு. கார்டு கைக்கு வந்த அன்றே வைத்துவிடுங்கள்.

இன்னொன்று, பில் பிள்ளைக்கு வராது, உங்களுக்குத்தான் வரும். செலவழிப்பதைப் பழகுவான், கட்டுவதைப் பழக மாட்டான். கார்டில் கற்க வேண்டியது இரண்டாவதுதானே!

வெளியூரில் படிக்கும் பிள்ளைக்கு மருத்துவ அவசரம், ரயில் டிக்கெட், விடுதி என்று கைக்காவலாக ஒன்று வேண்டுமென்றால் ஆட்-ஆன் சரி. ஸ்கோர் கட்டுவதற்கு என்று எடுக்காதீர்கள்.

## எஃப்.டி. கார்டு

பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுதான் சரியான வழி. வருமானச் சான்று கேட்க மாட்டார்கள், ஸ்கோர் கேட்க மாட்டார்கள். பிள்ளை பெயரில் வங்கியில் ஓர் எஃப்.டி. போட்டால், அதைப் பிணையாக வைத்துக் கார்டு தருவார்கள். எஸ்.பி.ஐ. கார்டின் உன்னதி, ஆக்சிஸ் வங்கியின் இன்ஸ்டா ஈசி, கோடக்கின் 811 ட்ரீம் டிஃபரன்ட், ஐ.டி.எஃப்.சி. ஃபர்ஸ்ட் வங்கியின் வாவ் ஆகியவை இந்த வகையில் பலருக்கும் தெரிந்த பெயர்கள். குறைந்தபட்ச எஃப்.டி. தொகை, ஆண்டுக் கட்டணம், லிமிட் சதவீதம் மூன்றும் அடிக்கடி மாறுகின்றன. ஆகவே விண்ணப்பிக்கும் நாளில் வங்கித் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பொதுவாக எஃப்.டி. தொகையில் 75 முதல் 100% வரை லிமிட் கிடைக்கும்.

ரூ. 25,000 போட்டு 80% லிமிட் கிடைத்தால் கையில் ரூ. 20,000 கார்டு. எஃப்.டி.க்கு வட்டி வழக்கம்போல் ஏறிக்கொண்டே இருக்கும். முடங்குவது அசல்தான், கார்டு உயிரோடு இருக்கும்வரை எஃப்.டி.மீது வங்கியின் பிடிமானம் இருக்கும், உடைக்க முடியாது. அதனால் செமஸ்டர் கட்டணத்துக்கு ஒதுக்கிய பணத்தை இதில் போடக்கூடாது. இரண்டு ஆண்டு தொடாமல் இருக்க முடிகிற பணம் எவ்வளவோ, அதுவே சரியான எஃப்.டி. அளவு.

'பிணைதான் இருக்கிறதே, கட்டாவிட்டால் எஃப்.டி.யில் எடுத்துக்கொள்வார்கள்' என்று பிள்ளை நினைத்துவிட்டால் ஆபத்து. வங்கி எஃப்.டி.யில் கைவைப்பதற்குள் பல வாரம் தாமதம் பதிவாகியிருக்கும். பணம் வசூலாகிவிடும், அறிக்கையில் விழுந்த தாமத நாட்கள் நிற்கும்.

லிமிட் சிறியது என்பதால் இன்னொரு சிக்கல் வரும். லிமிட்டில் 30 சதவீதத்துக்குள் பயன்படுத்துவது நல்லது என்பது பரவலான அறிவுரை. 20,000 லிமிட்டில் அது 6,000தான். ஒரு செமஸ்டர் புத்தகமும் ஒரு ஷூவும் வாங்கினால் தாண்டிவிடும். இதற்கு எளிய வழி, ஸ்டேட்மென்ட் (மாத பில்) தேதிக்கு இரண்டு நாள் முன்பே செலவான பணத்தில் பெரும்பகுதியைக் கட்டிவிடுவது. பெரும்பாலும் அறிக்கைக்குப் போவது ஸ்டேட்மென்ட்டில் நிற்கும் தொகைதான்.

### எடுக்கும் முறை, சிக்கும் இடங்கள்

விண்ணப்பத்துக்கு மூன்று மாதம் முன்பே ஆவணங்களைச் சரிபார்த்துவிடுங்கள். நிராகரிப்புகள் பெரும்பாலும் பணத்தில் வருவதில்லை, காகிதத்தில்தான் வருகின்றன.

பான். சிறுவயதில் எடுத்த பான் கார்டில் புகைப்படமும் கையெழுத்தும் இருக்காது. பதினெட்டு ஆனதும் திருத்த விண்ணப்பம் போட்டு இரண்டையும் சேர்க்க வேண்டும். எண் மாறாது. புதிய பானுக்கு விண்ணப்பித்துவிடாதீர்கள். ஒருவரிடம் இரண்டு பான் இருப்பது தவறு, அபராதத்துக்கும் இடமுண்டு.

ஆதார். பதினைந்து வயதில் கைரேகையும் கருவிழியும் புதுப்பித்திருக்க வேண்டும். செய்யாவிட்டால் வங்கியில் விரல் வைக்கும்போது பொருந்தாது.

இனிஷியல். நம் ஊருக்கே உரிய தலைவலி இது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் 'எஸ். கார்த்திக்', ஆதாரில் 'கார்த்திக் எஸ்', பானில் இனிஷியலை விரித்து 'கார்த்திக் செல்வராஜ்'. மனிதருக்கு மூன்றும் ஒருவர்தான். கணினிக்கு மூன்று பேர். கே.ஒய்.சி. என்ற அடையாளச் சரிபார்ப்பு நிற்கும், அல்லது வேறு வேறு வங்கிகள் வேறு வேறு பெயரில் தகவல் அனுப்பி ஒரே ஆளுக்கு இரண்டு கடன் கோப்புகள் உருவாகலாம். பானில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஆதாரையும் வங்கிக் கணக்கையும் மாற்றிக்கொள்வது நல்லது. ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும் இருந்தால் முழுத் தேதியையும் சேர்த்துவிடுங்கள்.

சேமிப்புக் கணக்கு. சிறுவர் கணக்காகத் தொடங்கியது பதினெட்டு ஆனதும் தானாக மாறிவிடாது. புதிய கையெழுத்தும் புதிய கே.ஒய்.சி.யும் கொடுத்து மாற்றவேண்டும். அதுவரை வங்கி கணக்கை நிறுத்தி வைக்கலாம். பிறந்தநாளுக்கு மறுவாரமே போய்விடுவது நல்லது.

அடுத்தது எஃப்.டி. பிள்ளையின் தனிப் பெயரில் இருக்க வேண்டும். அம்மாவோடு கூட்டாகப் போட்டதையும், சிறுவராக இருந்தபோது போட்டதையும் பெரும்பாலான வங்கிகள் ஏற்பதில்லை. தானாகப் புதுப்பித்தல் ஆன் ஆகியிருக்கட்டும். இல்லாவிட்டால் முதிர்ந்த அன்று கார்டு முடங்கும். பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் பணத்துக்கு வருமான வரி இல்லை. பதினெட்டு நிறைந்தபின் அந்த எஃப்.டி.யின் வட்டி பிள்ளையின் வருமானம். உங்கள் கணக்கில் சேராது.

ஒரே வங்கியில் மட்டும் விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் விசாரணையாகப் பதிவாகிறது. ஒரே வாரத்தில் நாலு இடத்தில் கேட்டால் பணமுடையாக இருப்பவர்போலத் தெரியும். தன் அறிக்கையைத் தானே பார்ப்பது கணக்கில் வராது. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டவை.

கார்டு வந்ததும் ஆன்லைனில் வேலை செய்யாது. பயப்பட வேண்டாம், 2020 விதிப்படி புதிய கார்டுகள் உள்நாட்டு ஏ.டி.எம்.மிலும் கடை இயந்திரத்திலும் மட்டும்தான் இயங்கும் நிலையில் வரும். மற்றவற்றைச் செயலியில் நாமே திறக்கவேண்டும். ஆன்லைனைத் திறந்து ரூ. 3,000 வரம்பு வையுங்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கட்டும். கான்டாக்ட்லெஸ்ஸில் (கார்டை இயந்திரத்தருகே காட்டிக் கட்டுவதில்) ரூ. 5,000 வரை பின் இல்லாமலே போகும் என்பதால் அதையும் மூடலாம். ஏ.டி.எம்.மில் பணம் எடுப்பதை முழுதாக அடைத்துவிடுங்கள். கிரெடிட் கார்டில் எடுக்கும் ரொக்கத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு, வட்டியில்லா நாட்கள் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

ஆட்டோ டெபிட் போடும்போது 'மொத்த நிலுவை', 'குறைந்தபட்ச நிலுவை' என்று இரண்டு வட்டங்கள் காட்டும். முதலாவதைத் தட்ட வேண்டும். ஆட்டோ டெபிட் நடைமுறைக்கு வரச் சில நாள் ஆகும், முதல் பில்லைக் கையால்தான் கட்ட வேண்டியிருக்கும். முதல் மாதமே தவறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

### மினிமம் டியூ என்ற பொறி

இதைப் பிள்ளையோடு உட்கார்ந்து காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள். மாத வட்டி 3.5%, அதாவது ஆண்டுக்கு 42% என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 5 அன்று ரூ. 10,000-க்கு ஒரு பொருள். ஜூன் 30 ஸ்டேட்மென்ட், ஜூலை 20 கடைசித் தேதி. மினிமம் டியூ, அதாவது குறைந்தபட்ச நிலுவை, ரூ. 500. அதை மட்டும் கட்டுகிறான்.

ஜூலை 31 பில்லில் என்ன வரும்? வாங்கிய நாளிலிருந்து 45 நாளுக்கு 10,000-மீது வட்டி 518 ரூபாய். மீதி 11 நாளுக்கு 9,500-மீது 120 ரூபாய். வட்டி 638. அதன்மேல் ஜி.எஸ்.டி. 115. மொத்த நிலுவை ரூ. 10,253. ஐந்நூறு கட்டியும் வாங்கியதைவிட அதிகமாகக் கடன்! போதாக்குறைக்கு, பழைய பாக்கி தீரும்வரை புதிதாக வாங்கும் இருபது ரூபாய் பிஸ்கட்டுக்கும் வட்டியில்லா நாட்கள் கிடையாது.

தேதி தவறிவிட்டால் உடனே கையைப் பிசைய வேண்டாம். கடைசித் தேதிக்குப் பின் மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடவும், தாமதம் என்று அறிக்கைக்கு அனுப்பவும் முடியும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதற்காக அந்த மூன்று நாளை வாடிக்கையாக்கக் கூடாது. தாமதம் மூன்று நாளைத் தாண்டினால், கடைசித் தேதியிலிருந்தே நாட்களை எண்ணிவிடுவார்கள்.

விடுதியில் நடக்கும் இரண்டு வேலைகளைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும். ஒன்று, நண்பனுக்குக் கார்டைக் கொடுத்துவிட்டு ஜி-பேயில் திருப்பி வாங்குவது. நண்பன் தராவிட்டாலும் பில் பிள்ளையினுடையது. இன்னொன்று, கடையில் கார்டைத் தேய்த்து இரண்டு, மூன்று சதவீதம் கொடுத்து ரொக்கம் வாங்குவது. பொருள் வாங்காமல் தேய்ப்பது கார்டு ஒப்பந்தத்துக்கே எதிரானது; வங்கி கண்டுபிடித்தால் கார்டை முடக்கலாம்.

## கல்விக் கடன்

ஸ்கோருக்காகக் கல்விக் கடன் வாங்குவது கொசுவுக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை. ஆனால் படிப்புக்காக ஏற்கெனவே வாங்கியிருந்தால், பிள்ளைக்குக் கடன் கோப்பு திறந்தாயிற்று என்று பொருள். பிள்ளை கடனாளி, பெற்றோர் இணைக் கடனாளி. இருவர் அறிக்கையிலும் அது இருக்கும். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில், தேர்ந்தெடுத்த உயர்தர நிறுவனங்களில் இடம் கிடைத்தவர்களுக்குப் பிணையமும் உத்தரவாதமும் இல்லாமல் கடன் தருகிறார்கள்.

மறைந்திருப்பது தவணை விடுமுறைக் கால வட்டி. படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பது பொதுவான விதி. வட்டி மட்டும் தூங்குவதில்லை. ஆண்டுக்கு ஒரு லட்சம் வீதம் நான்கு ஆண்டில் நான்கு லட்சம், 10% தனிவட்டி என்று வைத்தால், தவணை தொடங்கும்போது வட்டி மட்டும் ரூ. 1,40,000 சேர்ந்திருக்கும்: முதல் லட்சத்துக்கு ஐந்து ஆண்டு, கடைசி லட்சத்துக்கு இரண்டு ஆண்டு. மாதந்தோறும் அந்த வட்டியையாவது கட்டிவந்தால் கடன் சுமை குறையும், ஒழுங்காகக் கட்டும் பதிவும் அப்போதே தொடங்கும். இரண்டுக்கும் ஒரே பணம்.

வேலை கிடைக்காமல் தவணை தவறினால் பிள்ளையின் ஸ்கோரோடு உங்களுடையதும் சேர்ந்து இறங்கும். கடைசி செமஸ்டரிலேயே தவணை தொடங்கும் தேதியை வங்கியில் எழுத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

## போன் இ.எம்.ஐ., பே லேட்டர்

கடைக்காரர் 'நோ காஸ்ட்', அதாவது வட்டியே இல்லை, என்பார். வட்டியைத் தள்ளுபடியாக முன்னாலேயே கழித்திருப்பார்கள். ஆனால் கார்டு இ.எம்.ஐ.யில் அந்த வட்டிமீது ஜி.எஸ்.டி. வரும். செயல்முறைக் கட்டணம் தனி. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைத்திருக்கும் தள்ளுபடியும் போச்சு. தவணை நாளில் கணக்கில் பணம் இல்லையென்றால் கடன் கொடுத்தவரும் வங்கியும் ஆளுக்கொரு பவுன்ஸ் கட்டணம் போடுவார்கள். ஆயிரம் ரூபாய்த் தவணைக்கு எழுநூறு, எண்ணூறு ரூபாய் தண்டம் கட்டியவர்கள் உண்டு.

பல நிதி நிறுவனங்கள் 21 வயதும் வருமானமும் கேட்பதால், கடைசியில் போன் பிள்ளைக்கு, கடன் அப்பா பெயருக்கு என்றாகிவிடும். பிள்ளையின் கோப்பில் ஒன்றும் ஏறாது. பே லேட்டர் செயலிகளில் முந்நூறு ரூபாய் சாப்பாட்டு ஆர்டர்கூடத் தனிக் கடனாகப் பதிவாகலாம்; இப்படி நாலைந்து சின்னக் கடன்கள் கிடப்பது பார்க்கவே நன்றாயிராது. ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்ட, உண்மையிலேயே போன் தேவைப்படுகிற பிள்ளைக்கு ஒரே ஒரு இ.எம்.ஐ. என்றால் சரி.

## முதல் சம்பளம் வரை காத்திருப்பது

இதை யாரும் ஒரு வழியாகவே எண்ணுவதில்லை. ஆனால் சில பிள்ளைகளுக்கு இதுவே நல்லது. கையில் பணம் தங்காத பிள்ளை, பாக்கெட் மணியை மாத நடுவிலேயே தீர்த்துவிட்டு போன் செய்கிற பிள்ளை என்றால், இரண்டு ஆண்டு முந்திக் கிடைக்கும் ஸ்கோரைவிடக் கெட்ட பதிவு இல்லாமல் இருப்பதே லாபம். காலியான கோப்பை ஆறு மாதத்தில் நிரப்பிவிடலாம். கெட்ட கோப்பைச் சரிசெய்ய ஆண்டுக்கணக்கில் ஆகும்.

கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக முதல்முறை கடன் கேட்பவரை நிராகரிக்கக் கூடாது என்பதே ரிசர்வ் வங்கியின் நிலைப்பாடு. ஆனாலும் நடைமுறையில் சிறிய லிமிட், கொஞ்சம் கூடுதல் வட்டி, இன்னும் இரண்டு காகிதம் என்று இழுப்பார்கள். சம்பளக் கணக்கு இருக்கும் வங்கியில் மூன்று மாதச் சம்பளம் ஏறியபின் கேட்டால் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

## வெளிநாடு போகும் பிள்ளைக்கு

ஓராண்டுக்குள் அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ படிக்கப் போகிற பிள்ளைக்கு இங்கே எஃப்.டி. கார்டு எடுத்துச் சிபில் கட்டுவது பெரும்பாலும் வீண். அங்கே இந்த எண்ணை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவில் 21 வயதுக்குக் குறைந்தவர் சொந்தமாகக் கார்டு எடுக்கத் தனி வருமானம் காட்டவேண்டும், அல்லது இணைக் கையெழுத்துக்கு ஆள் வேண்டும். 2009-இல் வந்த கார்டு சட்டம் அப்படி. வைப்புத்தொகை கட்டி எடுக்கும் கார்டுகள் அங்கேயும் உண்டு. மாறாக, அங்கே குடியேறிவிட்ட சித்தப்பாவின் கார்டில் கூடுதல் பயனராகச் சேர்ந்தால் பயன் இருக்கலாம். ஆட்-ஆன் பற்றிய அந்த அறிவுரை உண்மையில் பொருந்தும் இடம் அதுதான்.

## ஓராண்டு கழித்து

எஃப்.டி. கார்டு எடுத்த பிள்ளை மாதம் ஒன்றிரண்டு சிறு செலவு, போன் ரீசார்ஜ், பஸ் பாஸ் என்று வைத்துக்கொண்டு முழு பில்லும் கட்டிவந்தால் போதும். ஏழாம் மாதம் ஒருமுறை அறிக்கையைப் பாருங்கள். கணக்கு பிள்ளை பெயரில் வந்திருக்கிறதா, பிறந்த தேதி சரியா, தெரியாத கடன் எதுவும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தவறு இருந்தால் அந்த நிறுவனத்தின் தளத்திலேயே புகார் பதியலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு ரூ. 100 இழப்பீடு கேட்க உரிமை உண்டு.

பன்னிரண்டு, பதினெட்டு மாதம் சுத்தமாக ஓடியபின் அதே வங்கியில் பிணையில்லாக் கார்டாக மாற்றித் தரக் கேளுங்கள். தராவிட்டால் வேறு வங்கியில் புதிய கார்டு கைக்கு வந்தபிறகே பழையதை மூடுவது பற்றி யோசிக்கலாம். ஆண்டுக் கட்டணம் இல்லாத கார்டு என்றால், எஃப்.டி. பணம் அவசரமாகத் தேவைப்படாதவரை அதைத் திறந்தே வைத்திருப்பது நல்லது. முதல் கணக்கின் வயதும் வரலாற்றில் சேர்த்திதான். ஓராண்டுக்கு மேல் தொடாமல் விட்டால் வங்கி முன்னறிவிப்புக் கொடுத்து மூடிவிடலாம், அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு ரீசார்ஜாவது அதில் போடட்டும்.

மூடத்தான் வேண்டுமென்றால் நிலுவையைப் பூஜ்யமாக்கி, சேர்ந்த ரிவார்டு பாயின்ட்டுகளைத் தீர்த்து, எழுத்தில் கேளுங்கள். பாக்கி இல்லாத கார்டை ஏழு வேலை நாளுக்குள் மூடவேண்டும்; தாமதித்தால் மூடும்வரை நாளொன்றுக்கு ரூ. 500 வங்கி தரவேண்டும். கார்டு மூடிய கடிதம் வந்தபின், எஃப்.டி.மீதான பிடிமானம் நீங்கிவிட்டதா என்று தனியாகப் பாருங்கள். அது பல நேரம் வேறு பிரிவின் வேலை; யாரும் கேட்காவிட்டால் அப்படியே கிடக்கும்.